களவெட்டிக்குள் வைத்த கால்

குளிர்காலத்தில் மகள் வாங்கித் தந்த கம்பளிச் சால்வையைச் சுற்றிக்கொண்டு ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவா ரயில் நிலையத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்குக் கழுத்து அரிக்கும். அது நெல்லுச் சுணையின் அரிப்பேதான். நெற்கதிரைக் குவித்துச் சூடு மிதிக்கிற நாட்களில் பின்கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் ஏறி, வாவியில் எத்தனை தரம் முழுகினாலும் போகாமல், படுத்தால் பாயில் நம்மோடு சேர்ந்து படுத்துக்கொள்ளும் அரிப்பு.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வயலைத் தவிர வேறொன்றும் இல்லாத சின்ன ஊர் எங்களுடையது. ஒரு பிள்ளையார் கோயில், ஐந்தாம் வகுப்போடு முடிந்துபோகிற ஓலைக்கொட்டில் பள்ளிக்கூடம், மாரியில் வெள்ளம், கோடையில் புழுதி. வயலும் எங்களுடையது இல்லை, நிலச் சொந்தக்காரரான போடியாருடையது. அவருடைய பங்கு வண்டியில் ஏறிப் போன பிறகு மிஞ்சியதை நாங்கள் சாப்பிடுவோம், அது முடிந்தால் மரவள்ளிக் கிழங்கு. அந்தக் காலத்தை அம்மா "கடைசி மாசம்" என்று சொல்லுவா, ஆனால் எங்கள் வீட்டுக் கடைசி மாசம் நாலைந்து மாசம் நீளும்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த வருசம் வாத்தியார் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றபடியே, "இந்தப் புள்ளய அக்கரைக்கு அனுப்புங்க, படிக்கிற தலை" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கரை என்றால் வாவிக்கு அந்தப் பக்கம், தோணி ஏறிப் போக வேண்டும். அங்கே சின்னம்மா வீட்டில் நின்று படிக்கலாம், ஆனால் அவவும் கஷ்டப்பட்டவ, நான் தின்னுகிற சோற்றுக்கு நெல்லு கொடுத்துவிட வேண்டும். அப்பா யோசித்துவிட்டு, "இந்தப் போகம் வரட்டும், பாப்பம்" என்றார். அதற்குப் பிறகு நான் விடிய எழும்பினால் முதலில் பார்ப்பது கதிரைத்தான். பச்சைக் கதிர் பழுக்கப் பழுக்க எனக்கு அது சோறாகத் தெரியவில்லை, தோணியாகத்தான் தெரிந்தது.

வெட்டிய கதிரைச் சூடு வைத்து, மாடு விட்டு மிதிக்கிற இடத்தை நாங்கள் "களவெட்டி" என்போம். அதற்குள் பெண்கள் போகக்கூடாது, கால் பட்டால் பொலி குறைந்துவிடும் என்று ஊரில் பயம். நெல்லைக்கூட அங்கே நெல்லென்று சொல்லமாட்டார்கள், "பொலி" என்றுதான் சொல்லுவார்கள். மத்தியானச் சோறு கொண்டுபோகிற பெண்கள் தூரத்து மருத மரத்தடியில் பானையை இறக்கி வைத்துவிட்டு, "சோறு வந்திட்டு!" என்று கத்திக் கூப்பிட வேண்டும், ஆண்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். அம்மாவுக்கு வெண்கல மணி மாதிரிக் குரல், அவ ஒருதரம் கூப்பிட்டால் வரம்பில் நிற்கிற கொக்கெல்லாம் எழும்பிப் பறக்கும்.

அன்று அம்மாவுக்குக் காய்ச்சல், சோற்றுப் பானையைத் தலையிலும் புளியாணக் குழம்புச் சட்டியைக் கையிலும் வைத்துக்கொண்டு நான் போனேன். நல்ல காற்று, அப்பாவும் பெரியப்பாவும் இன்னும் இரண்டு பேரும் பொலி தூற்றிக்கொண்டு நின்றார்கள், எங்கும் பதர் பறந்தது. நான் மருத மரத்தடியில் பானையை இறக்கிவிட்டுக் கூப்பிட்டேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே சத்தம் போட வராது, ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் வாய் திறக்கவே வெட்கம், என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தரமும் கூப்பிட்டேன். ஆறிப்போன சோற்றை அப்பாவுக்குப் பிடிக்காதே என்ற ஒரே எண்ணத்தில் பானையைத் திரும்பவும் தூக்கிக்கொண்டு நடந்தேன், நடந்துகொண்டே போய்க் களவெட்டிக்குள் நின்றேன். பாதத்துக்குக் கீழே நெல்லு குறுகுறுத்தது.

பெரியப்பாதான் முதலில் கண்டார். "ஆரு இது? பொம்புளப்புள்ளைய உள்ளுக்க விட்டது ஆரு?" என்று கையிலிருந்த சுளகைக் கீழே போட்டார். நான் ஓடி வந்துவிட்டேன், பானை அங்கேயே கிடந்தது.

அந்தப் போகம் பொலி காணவில்லை, எதற்கும் போதாமல் போயிற்று. போடியாரின் பங்கு போனதும் எங்களுக்கென்று கிடந்த குவியலை நான் வேலியோரம் நின்று பார்த்தேன், அது என் இடுப்பளவுகூட இல்லை. பெரியப்பா அதற்குப் பக்கத்தில் குந்தியிருந்து, "நல்லாத்தான் கிடந்த. இவள் கால வச்சாள், போயிட்டு" என்றார். அப்பா என்னை ஏசவில்லை, பெரியப்பாவை மறுத்தும் ஒரு சொல் சொல்லவில்லை. அக்கரைப் பேச்சும் அதற்குப் பிறகு வீட்டில் எழும்பவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டையே கடைசி மாசத்துக்குள் தள்ளிவிட்டவள் என்ன முகத்தோடு கேட்பது? அடுத்த போகத்திலிருந்து நானும் நாற்றுப் பிடுங்கினேன், பிறகு கலியாணம், பிள்ளைகள், இடப்பெயர்வு. அப்பா கண் மூடும்வரை நாங்கள் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

நான் ஒஸ்லோவுக்கு மகளிடம் வந்தது இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்து கொஞ்ச நாளில். வீட்டில் சும்மா இருந்தால் நோய் வருமென்று மகள் என்னைக் நகரத்துக் குறொன்லாண்ட் பகுதியில் நடந்த ஒரு நொஸ்க், அதாவது நோர்வே மொழி, வகுப்பில் சேர்த்துவிட்டாள். பக்கத்து நாற்காலிக்காரி சுமியாத்தி, இந்தோனேசியாவில் ஜாவாப் பக்கத்துக் கிராமம், கப்பல்காரரான நோர்வேக்காரர் ஒருவரைக் கட்டி வந்தவள். எனக்கு அரைகுறை நொஸ்க், அவளுக்கு முக்கால் நொஸ்க்.

ஒருநாள் ஆசிரியை எல்லாரையும் சொந்த ஊரைப் பற்றிச் சொல்லச் சொன்னா. நான் தலையைக் குனிந்துகொண்டேன். சுமியாத்தி எழும்பித் தன் ஊர் அறுவடையைச் சொன்னாள். நெல்லு ஒரு பெண்ணாம், கத்தியைக் கண்டால் பயந்துவிடுவாளாம். அதனால் அவளுடைய அம்மாவும் அக்காமாரும் விரலுக்குள் ஒளித்துப் பிடிக்கிற சின்னக் கத்தியால் ஒவ்வொரு கதிராக நுள்ளி நுள்ளி அறுப்பார்களாம். பென்சிலை விரலுக்குள் மறைத்துக் காட்டினாள், எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வகுப்பில் நான் வாய்விட்டுக் கேட்ட முதல் கேள்வி அதுதான்: "பெண்கள்... நெல்லுக்குள்ளே... லோவ்?" லோவ் என்றால் அனுமதி.

"வேறு ஆர் வெட்டுவது?" என்றாள் அவள். "வயல் முழுக்கப் பெண்கள்தான். மிதிக்கிறதும் நாங்கள்தான். ஆம்பிளைகள் தூக்கிக்கொண்டு போவார்கள், பிறகு சுருட்டுப் பிடிப்பார்கள்."

"அப்போ நெல்லு நிறைய வருமா?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "நிறையவா? மூன்று மாசம் சோறு. மிச்சத்துக்கு மரவள்ளி."

அவளுடைய அப்பாவின் துண்டு வயலை ஏழு பிள்ளைகளும் பங்கு போட்டதில் ஆளுக்கு ஒரு வரம்பும் கொஞ்சம் சேறும்தான் கிடைத்ததாம். அண்ணன்மார் மலேசியாவில் தோட்ட வேலைக்கும், அக்காவின் மகள் ஹொங்கொங்கில் வீட்டு வேலைக்கும் போய்விட்டார்களாம். வயல் மண்ணைச் செங்கல்காரன் வெட்டிக்கொண்டு போகிறானாம், ஊரில் கிழடுகளும் குழந்தைகளும்தான் மிச்சமாம். இதை அவள் அழாமல், பஸ் நேரம் சொல்லுகிற மாதிரிச் சொன்னாள்.

ரயிலில் திரும்பி வரும்போதுதான் எனக்கு அந்த வருசத்து மழை ஞாபகம் வந்தது. விதைக்கிற நேரம் பெய்யாமல், கதிர் பழுத்த பிறகு ஒரு கிழமை விடாமல் பெய்த மழை. அன்று காற்றில் அவ்வளவு பதர் பறந்தது. அது அப்பாவுக்கும் தெரியும், பெரியப்பாவுக்கும் தெரியும். ஆனால் மழையை ஆர் பிடித்து ஏசுவது? நான் கையெட்டும் தூரத்தில் நின்றேன்.

போன மாசம் பெரியப்பாவின் பேத்தி ஊரிலிருந்து போன் எடுத்தாள், எனக்கு மருமகள் முறை. "இப்ப எல்லாம் மெசின்தான் மாமி, ரோட்டில வச்சே அடிக்கிற. நான்தான் சாக்குப் பிடிச்சன்" என்றாள். களவெட்டியாம், பொலியாம், இதெல்லாம் அவளுக்குத் தெரியவே தெரியாது. "விளைச்சல் எப்படி மகள்?" என்று கேட்டேன்.

"எங்க மாமி காணுற? பாஸ்போட் எடுத்திட்டன். குவைத்துக்கு, வீட்டு வேலைக்கு."

அவளுடைய படிப்பு என்ன ஆயிற்று என்று கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை. சுமியாத்தியும் இப்போது வகுப்புக்கு வருவதில்லை, காலையில் துப்புரவு வேலை கிடைத்துப் போய்விட்டாள். களவெட்டி இருந்த இடம் எங்கே என்று இனி ஊரில் ஒருவருக்கும் காட்டத் தெரியாது. அப்பாவும் இல்லை, அன்று என்னைப் பற்றி என்ன நினைத்தீர்கள் என்று, இப்போது சத்தமாய்க் கேட்கக்கூடிய குரல் வந்தாலும், கேட்பதற்கு ஆளில்லை. ஹவுகன்ஸ்டுவாவில் ரயில் வருகிறது, நான் சால்வையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுக் கழுத்தைச் சொறிந்துகொள்கிறேன்.