ஸ்பீக்கரில் கேட்ட ஜெர்மனி

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். என் வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழிந்து, பர்னர் அணைந்து, கேஸ் நாற்றம் ஹால் வரைக்கும் போய்விட்டது. நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்களா? அடுப்புக்கு எதிரிலேயேதான் நின்றுகொண்டிருந்தேன்... கையில் கரண்டியோடு!

காரணம் — ஜெர்மனி.

என் மகள் பெனிட்டா அங்கே எம்.எஸ். படிக்கிறாள். (பெயரை மாற்றித்தான் எழுத வேண்டும் என்பது அவள் போட்ட கண்டிஷன்.) அவள் விமானம் ஏறிய நாளிலிருந்து எங்கள் விளாங்குடியில் நான் சம்பளம் இல்லாத கன்சல்டன்ட் ஆகிவிட்டேன். சர்ச் முடிந்து செருப்பைத் தேடும்போது ஒருவர் வருவார். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில், பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்கள் பிள்ளையின் மார்க்கை விட்டுவிட்டு, "விசா கிடைக்க எம்புட்டு நாளாகும் டீச்சர்?" என்பார்கள். நானும் சளைக்காமல் சொல்வேன் — "தைரியமா அனுப்புங்க. எங்க பொண்ணு ஜம்முனு இருக்கா!"

ஜம்மென்று இருக்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவளே சொல்கிறாளே! ஞாயிறுதோறும் பேசுவோம். சாப்பிட்டியா? சாப்பிட்டேன்மா. குளிரா? கொஞ்சம்தான்மா. படிப்பு? அது பாட்டுக்குப் போகுதும்மா. அப்பாட்ட குடுக்கட்டா? குடு. முடிந்தது. ஒன்றரை வருஷமாக இதே வசனம்தான்.

அந்தச் சனிக்கிழமை வந்தவர் செல்வம் அண்ணன். பரவை மார்க்கெட்டில் காய்கறி வியாபாரம். எங்கள் வீட்டுக்கு வாராவாரம் காய் வருவது அவர் கடையிலிருந்துதான். கூடவே அவர் மகள் கீர்த்தனா, இன்ஜினீயரிங் கடைசி வருஷம். அவளுக்கும் ஜெர்மனிதான் போக வேண்டுமாம்.

"ஏஜென்ட்டுக சொல்றதெல்லாம் நம்ப முடியல டீச்சர். உங்க பாப்பாட்ட இவள ரெண்டு வார்த்தை பேச விட்டீங்கன்னா எனக்கு நிம்மதியா இருக்கும்" என்றார்.

பெனிட்டாவுக்கு வாட்ஸ்அப்பில் போன் போட்டேன். பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொல்லி, போனைக் கீர்த்தனா கையில் கொடுத்துவிட்டு, காபி போடப் போனேன்.

செல்வம் அண்ணனுக்கு ஒரு பழக்கம். மார்க்கெட் இரைச்சலிலேயே காலம் தள்ளிய மனிதர். எந்தப் போனையும் காதில் வைத்துப் பேசத் தெரியாது. நான் நகர்ந்ததும் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான்.

"அம்மா பக்கத்துல இருக்காங்களா?" — இது பெனிட்டா.

"இல்லக்கா, கிச்சன்ல காபி போடுறாங்க."

"அப்ப சரி. என்ன வேணும்னாலும் கேளு."

கீர்த்தனா கேட்டாள். என்ன கேள்விகள் தெரியுமா? "போன உடனே ரூம் கெடச்சிருச்சாக்கா?" "காய்ச்சல் வந்தா யாரு பாத்துக்குவா?" "அழுதீங்களாக்கா?"

ஒன்றரை வருஷத்தில் இதில் ஒன்றையாவது நான் கேட்டிருக்கிறேனா?

பதில்கள் வந்தன. முதல் இரண்டு மாதம் ரூமே கிடைக்கவில்லை. சூட்கேஸை இழுத்துக்கொண்டு தோழிகள் அறைகளில் மாறி மாறித் தரையில் படுத்திருக்கிறாள். வீடியோ காலில் என்னிடம் காட்டிய ஜன்னல், மரம், பனி எல்லாம் வேறு யாரோ ஒரு பெண்ணுடையது! கடும் காய்ச்சலோடு டாக்டரிடம் போனால், டீ குடித்துவிட்டுப் படுத்துக்கொள் என்று அனுப்பிவிட்டாராம். நம் ஊரில் தும்மினாலே ஊசி போடுவார்களே... அந்த வாரம் என்னிடம் என்ன சொன்னாள் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

"படிப்பு எப்படிக்கா?"

பஸ் சத்தத்துக்கு நடுவே பெனிட்டாவின் குரல் தணிந்தது.

"எங்க கோர்ஸ்ல ஒரு பேப்பர மூணு தடவதான் எழுத முடியும் கீர்த்தனா. மூணாவதும் போச்சுன்னா கோர்ஸே போச்சு. நான் ஒரு பேப்பர்ல ரெண்டு தடவ ஃபெயில். அடுத்த மாசம் கடைசி சான்ஸ்."

"வீட்ல தெரியுமாக்கா?"

"தெரியாது. நீ வா, நல்ல ஊருதான், பயப்படாத. ஆனா ஒண்ணு... வந்த மொத வாரமே வீட்ல ‘நல்லா இருக்கேன்’னு சொல்லிராத. ஒருக்கா சொல்லிட்டா அப்புறம் மாத்தவே முடியாது."

பால் பொங்கியது அப்போதுதான்.

கேஸை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, கடுங்காப்பியோடு ஹாலுக்குப் போனேன். அதற்குள் பேசி முடித்திருந்தார்கள். செல்வம் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். ஆளைப் பார்த்தே விலை சொல்லும் வியாபாரி... அவருக்குத் தெரியாதா?

"கேட்ருச்சா டீச்சர்?" மெதுவாகக் கேட்டார்.

"பால் பொங்கிருச்சுண்ணே. கடுங்காப்பிதான்" என்றேன்.

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டார். கீர்த்தனாதான் பேசினாள். "நான் போறேன்ப்பா. எல்லாரும் சூப்பரு சூப்பருன்னு சொன்னப்பதான் பயமா இருந்துச்சு. இப்ப பயமில்ல."

அவளுக்குப் பயம் போய்விட்டது. எனக்கு வந்துவிட்டது.

மகளிடம் நேராகக் கேட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். ஒட்டுக்கேட்டேன் என்று தெரிந்தால் அப்புறம் வாயையே திறக்க மாட்டாள். பிடிவாதத்தில் என்னை அப்படியே உரித்து வைத்தவள். வீட்டுக்காரரிடம் சொல்லலாமா? பிரஷர் மாத்திரை போடுகிற மனிதர். அடுத்த நிமிஷமே ஜெர்மனிக்குப் போன் போட்டுக் கத்துவார்.

ஆகவே அந்த வாரம் முழுக்க நானே சுமந்துகொண்டு அலைந்தேன். மெசேஜ் அடிப்பேன், அழிப்பேன். ஏழாம் வகுப்புக்குப் போய் எட்டாம் வகுப்புப் பாடத்தை நடத்தினேன். பிள்ளைகளும் சமர்த்தாக எழுதிக்கொண்டார்கள். கோரிப்பாளையம் சிக்னலில் பச்சை விழுந்தும் ஸ்கூட்டியை எடுக்காமல் நின்றேன். பின்னால் இருந்த ஷேர் ஆட்டோக்காரர், "யக்கா, சிக்னல்லயே வீடு கட்டப் போறீகளா?" என்று கத்திய பிறகுதான் சுரணை வந்தது. சர்ச்சில் முழங்கால் போட்டேன். ஆண்டவரே, அந்தப் பேப்பரில்... எந்தப் பேப்பர்? பாடத்தின் பெயரை அவள் சொல்லவே இல்லையே! உமக்குத் தெரியும் ஆண்டவரே என்று முடித்துக்கொண்டேன்.

பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய நம் எல்லார் வீட்டிலும் இதுதானே நடக்கிறது? நாம் பயப்படக் கூடாது என்று அவர்கள் பொய் சொல்கிறார்கள். அவர்கள் பயப்படக் கூடாது என்று நாம் பொய் சொல்கிறோம். நெட் ரீசார்ஜ் ஒன்றுதான் நிஜம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. போனும் வந்தது.

"எப்படிம்மா இருக்க?"

இந்தக் கேள்விக்கு என்னிடமும் ஒரு ரெடிமேட் பதில் உண்டு. வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

"நல்லா இல்லடி."

"என்னம்மா... உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. ஒரு வாரமாத் தூக்கமில்ல. கிளாஸ்ல மனசு நிக்க மாட்டேங்குது. காரணம் கேக்காத. நல்லா இல்ல, அம்புட்டுத்தான்."

நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு டீச்சர் வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது!

"எனக்கும்தாம்மா..." என்றாள்.

அப்புறம் அழுதாள். ரூம், காய்ச்சல், பேப்பர் எல்லாம் சொன்னாள். தெரிந்த கதைதான். ஆனால் தெரியாததுபோல் நடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. எனக்கென்று அவள் வாயால் சொன்னபோது நானும் சேர்ந்து அழுதுவிட்டேன். கீர்த்தனாவிடம் சொல்லாத ஒன்றைக் கடைசியில் கேட்டாள்.

"இந்தத் தடவயும் போச்சுன்னா... நான் வீட்டுக்கு வரலாமாம்மா?"

பெற்ற பெண், வீட்டுக்கு வரலாமா என்று கேட்கிறாள்! ‘ஜம்முனு இருக்கா’ என்று ஊர் முழுக்க நான் சொல்லிச் சொல்லி, அவள் திரும்பி வருகிற வழியில் நானே கட்டை போட்டிருக்கிறேன்.

"இது என்னடி கேள்வி? உன் வீட்டுக்கு வாரதுக்கு யாருட்ட பெர்மிஷன் கேக்குற? பாஸானாலும் வா, ஃபெயிலானாலும் வா!" என்று கத்தினேன். சத்தம் கேட்டு வீட்டுக்காரர் ஓடி வந்தார். அவரிடமும் சொல்லியாயிற்று. கத்தவில்லை. போனை வாங்கி, "சாப்பிட்டியா பாப்பா?" என்றார். அப்பாக்கள்!

ஸ்பீக்கர் விஷயத்தை அப்புறம் நானே ஒப்புக்கொண்டேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. பிறகு சிரித்துவிட்டாள். இதை எழுத அனுமதியும் தந்தாள். பரீட்சை அடுத்த வாரம். பாஸா, ஃபெயிலா... தெரியாது.

இப்போது என் போன் ஓய்வதில்லை. பஸ் போயிருச்சும்மா, சாதம் குழைஞ்சிருச்சும்மா, அந்த புரொஃபசர் மொறைக்கிறாரும்மா... கிளாஸ் நடுவில் என் ஹேண்ட்பேக் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. எல்லாம் தெரிய வேண்டும் என்றுதானே தவித்தாய், அனுபவி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நேற்று மட்டும் ஒரே ஒரு வரி வந்தது. "எல்லாம் நல்லாப் போகுதும்மா."

அடுத்த நொடி போன் போட்டேன் — "என்னடி ஆச்சு?"