கப்பல் செலவு வேண்டாம் என்ற இராஜேஸ்வரி அக்கா

லிட்கத்தில் இருக்கும் இராஜேஸ்வரி அக்காவை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வரும். யாழ்ப்பாணத்தில் வரலாறு கற்பித்தவர். இங்கே ஆஸ்திரேலியாவில் முதியோர் இல்லத்தில் வேலை. மறுபடி ஆசிரியராக வேண்டும் என்று ஐம்பது வயதில் என்னோடு மாலை வகுப்பில் சேர்ந்தார். ஒரு பாடம்தான் பாக்கி. போன வருடம் அதில்தான் கோட்டை விட்டார். இந்த முறையும் போனால் படிப்பையே விட்டுவிடுவேன் என்று சொல்லியிருந்தார்.

கடைசித் தேர்வு வேடமேற்று நடத்தும் ஒரு பேச்சுவார்த்தை. பழைய ஆஸ்திரேலியக் காலனிகள் ஒரு பக்கம், பிரிட்டன் மறுபக்கம். காலனியின் கம்பளியை ஏற்றிப் போகும் வணிகக் கப்பல்களைப் பிரிட்டனின் போர்க்கப்பல்கள் காக்க வேண்டும். செலவு யார் தலையில்? நானும் வகுப்புத் தோழன் பென்னும் காலனி. அக்கா பிரிட்டன். எங்களிடம் பணம் வாங்காமல் எழுந்தால் அவர் ஃபெயில்.

வகுப்பில் எல்லாம் ஆங்கிலம்தான். அக்கா பேசினால் அதுவும் யாழ்ப்பாணத் தமிழாகவே என் காதில் விழும்.

"கடலில காவல் இல்லாட்டி உங்கட கம்பளியை ஆருக்கு விக்கப் போறியள்?" என்று வெளுத்து வாங்கினார். பென் மடங்கிவிட்டான். "சரி, வருடாவருடம் ஒரு பங்கு தருகிறோம்" என்றான்.

அக்கா வெட்கத்தோடு கையை ஆட்டினார். "சீச்சீ, வேண்டாம், வையுங்கோ!"

"ரொம்ப நன்றி" என்று பென் பேனாவை மூடினான். மதிப்பெண் போட உட்கார்ந்திருந்த டியூட்டர் விழித்தார். அக்கா என்னையும் பென்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

அட கடவுளே! யார் எதை நீட்டினாலும் இரண்டு தரம் மறுத்து, மூன்றாம் தரம் வாங்கியே பழகிய மனுஷி. இன்னும் கேட்பான் என்று காத்திருக்கிறார். அவன் எங்கே கேட்பான்?

வாயை மூடிக்கொண்டிருந்தால் எங்களுக்கு வெற்றி. ஆனால் அக்கா அழுதுவிடுவார் போலிருந்தது.

"இல்லை, நீங்கள் வாங்கித்தான் ஆக வேண்டும்" என்றேன்.

"ஐயோ, வேண்டாம்!"

பாவி மனுஷி! "எங்களுக்காக வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கெஞ்சினேன்.

"சரி, இவ்வளவு சொல்லுறியள்..." என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டார்.

சும்மா கிடைத்ததற்கு ஏன் பணம் கட்டினாய் என்று பென் என்மேல் பாய்ந்தான். டியூட்டருக்கும் ஒன்றும் புரியவில்லை. நிஜத்திலும் காலனிகள் ஒரு பங்கு கட்டத்தான் செய்தன என்று தலையைச் சொறிந்தபடி அக்காவுக்குப் பாஸ் போட்டார். பிறகு அவரைத் தனியே கூப்பிட்டு நெடுநேரம் பேசினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மேய்ஸ் ஹில் கோயில் வாசலில் அக்கா ஒரு டப்பாவை நீட்டினார். "ராதா, உம்மாலதான் பாஸ் பண்ணினனான். பயித்தம் பணியாரம், நானே சுட்டது."

"ஐயோ, எதுக்குக்கா இதெல்லாம்? வேண்டாம்" என்றேன், வழக்கம்போல.

"ஓம், சரி" என்று டப்பாவைத் திரும்பப் பைக்குள் வைத்தார். "இங்க ஒருக்கா வேண்டாம் எண்டால் வேண்டாம்தானாம். டியூட்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னவர். போட்டு வாறன்."

விளையாடுகிறாரா, உண்மையிலேயே கற்றுக்கொண்டுவிட்டாரா? கூப்பிட்டுக் கேட்பதா, விடுவதா? நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் கார் கிளம்பிவிட்டது.