கெட்டவனுக்கு ஓர் ஊர்

வாசிகசாலையில் என் பக்கத்துக் கதிரையில்தான் அந்த நாவலாசிரியர் தினமும் வந்து உட்காருவார். சலவை மடிப்புக் குலையாத வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. பென்சிலால் எழுதியதை அழிரப்பரால் தேய்ப்பார், பிறகு எச்சில் தெறிக்க ஊதுவார். அந்த ஈரத் தூள் முழுவதும் என் பத்திரிகையில் விழும். எழுந்துபோய்க் கைகழுவலாம் போலிருக்கும்.

ஒருநாள் தாங்காமல், "அப்படி என்னத்தை ஐயா அழிக்கிறியள்?" என்று கேட்டேன்.

"நாவலிலை தாயைப் பட்டினி போடுற மகன் ஒருத்தன் வாறான். முதல் எங்கடை ஊர் எண்டு எழுதினன், வீட்டிலை மனுசி சண்டைக்கு வந்திட்டா. அளவெட்டி எண்டு மாத்தினன், அங்கை சம்பந்தி வீடு. இப்ப குருநகர் எண்டு போட்டிட்டன். இனி ஒருத்தரும் கதைக்க மாட்டினம்."

"ஏன், குருநகரிலை உங்களுக்கு ஆரும் இல்லையோ?"

"சீ! மீன்பிடிக்கிற சனத்தின்ரை ஊர் அது, அங்கை எங்கடை ஆக்கள் ஆர் இருக்கினம்?"

"நான் குருநகர்தான்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் வெட்கம் இல்லை. இன்னொரு திருத்தம் வந்துவிட்ட அலுப்புத்தான் தெரிந்தது. அழிரப்பரை எடுத்தார்.

"அப்ப மன்னார் எண்டு போடுவம்," என்று தேய்த்துவிட்டு ஊதினார்.

எச்சிலும் தூளுமாக என் ஊர் என் சட்டையில் வந்து விழுந்தது.