ஒன்றாம் வரியில் பிழை

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. அவரும் அவர் கணவரும் நெய்கிறார்கள். பிரசவ விடுப்பு முடிந்தும் வேலைக்குத் திரும்ப நான் தயங்கிக்கொண்டிருந்தபோது, "காலையில கொழந்தைய எங்கிட்ட குடுத்துட்டு நீ கம்ப்யூட்டர தொறம்மா" என்று சொல்லி என்னை அனுப்பி வைத்தவர் அவர்.

கடைகளின் இணையப் பக்கங்களுக்கு டெம்ப்ளேட் செய்வது என் வேலை. பக்கத்தின் வடிவத்தை நாங்கள் எழுதி, பெயர், நிறம், படம் எல்லாவற்றுக்கும் இடம் விட்டு வைப்போம். ஒரு பட்டியலில் வரிக்கு ஒன்றாக விவரங்களை எழுதினால் பக்கம் தானாக உருவாகிவிடும். அண்ணியின் தெருவில் உள்ள நெசவாளர்கள் சிலர் சேர்ந்து எங்கள் டெம்ப்ளேட்டில் அப்படி ஒரு கடைப் பக்கத்தைத் தொடங்கினார்கள். புடவை விவரங்களை எழுதும் பொறுப்பு அண்ணிக்கு. எட்டாவதோடு பள்ளியை விட்டவர். அதற்காக எல்லோரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த லேப்டாப்பை அவர் துடைத்து வைக்கும் விதத்தைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பும் வரும், சந்தோஷமாகவும் இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை மகளை அண்ணி வீட்டில் விடப் போனேன். லேப்டாப் மூடியிருந்தது. மேலே ஒரு துண்டு போர்த்தியிருந்தது.

"இத எடுத்துக்கினு போயிடும்மா. யாராச்சும் படிச்ச பொண்ணா பாத்து குடுக்கச் சொல்லு."

"ஏன் அண்ணி, என்ன ஆச்சு?"

"ஒண்ணாம் வரி தப்புன்னு சொல்லிக்கினே இருக்குது. நாலு நாளா அழிச்சி அழிச்சி எழுதறேன். ஒண்ணாம் வரியில என்னா இருக்குது? எங்க தெரு பேரு. இருவது வருசமா இருக்கிற தெருவோட பேரு கூடவா எனக்கு எழுதத் தெரியாது?"

திறந்து பார்த்தேன். "பக்கத்தை உருவாக்க முடியவில்லை. வரி 1. மதிப்பு ஏற்கப்படவில்லை."

அதை எழுதியவள் நான். விடுப்புக்கு முந்தைய வாரம், பிழை எந்த வரியில் என்று தேடிச் சொல்லும் பகுதியை எழுத நேரமில்லாமல், எல்லாப் பிழைக்கும் வரி 1 என்றே சொல்லும்படி விட்டுவிட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்ததும் சரிசெய்யலாம் என்று நினைத்திருந்தேன். மறந்துபோனேன்.

உண்மையான பிழை பதினான்காம் வரியில் இருந்தது. புடவையின் உடல் நிறம் என்ற இடத்தில் அரக்கு, மயில் கழுத்து, மாம்பழம் என்று மூன்று நிறங்கள்.

"இது மூணு புடவையா அண்ணி?"

"ஆமா. ஒரே பாவுல ஓட்டினது. ஒண்ணா ஏத்தி, ஒண்ணா நெய்ஞ்சி, ஒண்ணா அறுத்தது. குறுக்க ஓடுற நூலுதான் வேற கலரு. அத எதுக்குப் பிரிக்கணும்?"

பாவு என்கிற நீள நூல்களை ஒருமுறை தறியில் ஏற்றினால் மூன்று புடவை வரும். அவருக்கு அது ஒரே வேலை. எங்கள் டெம்ப்ளேட்டுக்கு அது தெரியாது; ஒரு பட்டியலுக்கு ஒரு நிறம்தான்.

"சர்வர்ல ஏதோ கோளாறு அண்ணி. ரெண்டு நாள் டைம் குடுங்க" என்றேன். பொய் சொன்னது வீட்டுக்கு வரும்வரை உறுத்தியது.

புதிய பிழைச் செய்தியை முதலில் ஐந்து வாக்கியங்களில் எழுதினேன். கணவர் எட்டிப் பார்த்து, "இது என்னா, லீவ் லெட்டரா?" என்றார். குறைத்தேன். "மற்ற வரிகள் சரியாக உள்ளன" என்று கடைசியில் சேர்த்தேன், அழித்தேன், மறுபடி சேர்த்தேன். எங்கள் நிரலோ முதல் பிழையிலேயே நின்றுவிடும். மீதி வரிகளைப் பார்ப்பதே இல்லை. பார்க்காமலே சரி என்று அண்ணியிடம் எப்படிச் சொல்வது? எல்லா வரிகளையும் பார்த்துவிட்டுப் பேசும்படி மாற்ற இன்னும் ஒரு நாள் பிடித்தது.

வியாழக்கிழமை அண்ணி மகளை மடியில் வைத்துக்கொண்டு உரக்கப் படித்தார்: "வரி 14. உடல் நிறத்தில் மூன்று நிறங்கள் உள்ளன. ஒரே பாவில் வந்த புடவைகளையும் தனித்தனிப் பட்டியலாக எழுதவும். மற்ற வரிகள் சரியாக உள்ளன."

கடைசி வாக்கியத்தை மட்டும் இன்னொரு முறை படித்தார். பிறகு ஒற்றை விரலால் தட்டித் தட்டி மூன்றாகப் பிரித்தார். மூன்று பக்கங்களும் வந்தன.

"அண்ணி, சர்வர் கோளாறு இல்ல. அந்தப் பழைய மெசேஜ் நான் எழுதினது. வரி நம்பர் பாக்காம விட்டுட்டேன்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீயா? அடிப்பாவி! நாலு நாளா எனக்கு மூளையே இல்லன்னு நெனச்சிக்கினு இருந்தேன்மா."

"தெரியும் அண்ணி. அதான் சொல்லிட்டேன்."

"படம் பெருசா இருந்தா ஒண்ணு சொல்லுமே, புரியாத பாஷையில. அதுவும் நீதானா?"

"ஆமா."

"அப்போ எழுதிக்கோ. இந்த மாதிரி இன்னும் நாலஞ்சு இருக்குது." மகளைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.