லிஸ்பனில் ஓட்டல் தேர்வும் நூற்று முப்பத்து நான்கு படிகளும்

இந்தக் கட்டுரையில் வருபவை:

1. ஏன் போனோம், எப்போது போனோம்
2. ஓட்டலிலிருந்து போக வேண்டிய இடத்துக்கு உள்ள தூரத்தை அளப்பது எப்படி
3. ட்ராம் சத்தம் கேட்கும் ஓட்டலை ஏன் தவிர்க்க வேண்டும்
4. லிஃப்ட்டின் அவசியம்
5. முன்பயிற்சி

இந்தப் பட்டியலைப் பயணத்துக்கு முன்பே, டெக்சாஸில் கேட்டி என்ற ஊரில் மகள் வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்துவிட்டேன். திரும்பி வந்த பிறகும் மாற்றவில்லை. காரணம் கடைசியில்.

போனது 2007 மே மாதம். என் மனைவி அந்தோணியம்மாளுக்கு ஒரு நேர்ச்சை பாக்கி இருந்தது. மகள் ஜெசிக்குப் பிள்ளை பிறந்தால் அந்தோனியார் பிறந்த இடத்துக்கே போய்ப் பூசை காண்பதாக வேண்டியிருந்தாள். பேத்திக்கு மூன்று வயதாகிவிட்டது. அந்தோனியார் பிறந்தது லிஸ்பனில். பிறந்த இடத்தின் மேலேயே கோவில் இருக்கிறது. அந்த ஆண்டு எங்கள் நாற்பதாவது திருமண நாள் செவ்வாய்க்கிழமையில் வந்தது. செவ்வாய் அந்தோனியாருக்கு உரிய நாள் என்பது எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர்களுக்குத் தெரியும். "இத விட்டா இன்னொரு தேதி அமையாது. என் முட்டியும் அதுவரைக்கும் தாங்காது" என்றாள். அவளுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம்.

ஆகவே ஓட்டல் கோவிலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த ஒரு வேலையை மட்டும் நானே செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். நாற்பது வருடத்தில் நானாக எதையும் முடிவு செய்ததாக நினைவில்லை.

பதினோரு ஓட்டல்களை எக்ஸெல்லில் வரிசைப்படுத்தினேன். கோவிலுக்கு உள்ள தூரத்துக்கு 40 மதிப்பெண், லிஃப்ட்டுக்கு 20, அமைதிக்கு 20, காலை உணவுக்கு 10, குளியலறைத் தொட்டியின் விளிம்பு தாழ்வாக இருந்தால் 10.

"அப்பா, ஒரு ஹோட்டல் புக் பண்றதுக்கு வெயிட்டேஜா?" என்றாள் ஜெசி.

"தப்பாயிடக் கூடாதுல்ல, அம்மா."

தூரத்தை அளக்க, வரைபடத்தை அச்செடுத்து அடிக்கோல் வைத்தேன். இறுதிச் சுற்றுக்கு இரண்டு ஓட்டல்கள் வந்தன. ஒன்று கோவிலிலிருந்து 700 மீட்டர், வாசலிலேயே ட்ராம். தங்கியவர்கள் பலர் சத்தத்தைப் பற்றிக் குறை எழுதியிருந்தார்கள். மற்றது 350 மீட்டர், சந்துக்குள், அமைதி, லிஃப்ட் உண்டு, இரவுக்கு 68 யூரோ. 91 மதிப்பெண்ணோடு இரண்டாவது வென்றது. விசா விண்ணப்பத்திலும் அதன் பெயரை எழுதிக் கொடுத்தாயிற்று. பிறகு அதை மாற்றும் துணிவு எனக்கு இல்லை.

முன்பயிற்சியும் செய்தோம். ஜெசி வேலைக்குப் போகும் வழியில் எங்களை மாலில் இறக்கிவிடுவாள். கடைகள் திறக்குமுன் உள்ளே நடக்கலாம். 350 மீட்டரை அந்தோணியம்மாள் மூன்று வாரம் தினமும் ஏழே நிமிடத்தில், எங்கும் உட்காராமல் நடந்தாள். கோப்பில் குறித்துவைத்தேன். மனம் நிறைந்திருந்தது.

ஹூஸ்டனிலிருந்து நியூவர்க் வழியாக, காத்திருப்பு உட்படப் பதினான்கு மணி நேரம். திங்கள் காலை லிஸ்பனில் இறங்கினோம். ஓட்டலுக்கு எட்டு கிலோமீட்டர், டாக்ஸிக்கு 14 யூரோ. கடைசி ஒரு கிலோமீட்டரில் வண்டி முதல் கியரில் முனகத் தொடங்கியது. என் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது.

"என்னங்க, மலை ஏறுதோமா?" என்றாள் மனைவி.

"கொஞ்சம் மேடா இருக்கும் போல."

ஓட்டுநர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, அவள் இறங்கிய விதத்தைக் கவனித்தார். எங்கே போகப்போகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். கோவிலின் பெயரைச் சொன்னேன். அவர் முன்னாலும் காட்டவில்லை, பக்கத்திலும் காட்டவில்லை. விரலைக் கீழே காட்டினார்.

அன்று மாலை அவள் தூங்கியபோது தனியாகப் போய் எண்ணிவிட்டு வந்தேன். நூற்று முப்பத்து நான்கு படிகள். அடிக்கோல் சொன்ன 350 மீட்டர் பொய்யில்லை. ஆனால் அதில் பாதி படிக்கட்டு. நான் பாளையங்கோட்டையில் முப்பத்தோரு வருடம் பூகோளம் நடத்தியவன். சம உயரக் கோடுகளைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன் என்று கணக்கில்லை. கேட்டியில் ஐந்து வருடம் இருந்ததில், நிலத்துக்கு உயரம் என்று ஒன்று உண்டு என்பதே மறந்துவிட்டது. எங்கள் பகுதியில் மேடு என்றால் ஃப்ரீவே மேம்பாலம்தான். அதிலும் காரில்தான் ஏறுவோம்.

மறுநாள் காலை உணவின்போதுதான் சொன்னேன்.

"வழியில கொஞ்சம் படி இருக்கு."

"எத்தன?"

"நூறுக்கு மேல."

ரொட்டியைத் தட்டில் வைத்தாள். "லிஃப்ட்டு இருக்குன்னு சொன்னியளே?"

"இருக்கே. மூணு மாடிக்கும் போகும்."

"லிஃப்ட்டு உள்ள இருக்கு. படி வெளிய இருக்கு. அதுக்கு எத்தன மார்க்கு போட்டிய?"

பூசை பதினொரு மணிக்கு. 350 மீட்டருக்கு டாக்ஸி கூப்பிடக் கூச்சமாக இருந்ததால், ஒன்பதரைக்கே நடந்து கிளம்பினோம். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை என்பதை அன்று கற்றேன். கைப்பிடியைப் பிடித்து, பக்கவாட்டில், ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்துச் சேர்த்து இறங்கினாள். நான் ஒரு படி முன்னால் நின்றுகொண்டேன். அவள் விழுந்தால் நான் தாங்கியிருப்பேன் என்று தோன்றவில்லை. இருவரும் சேர்ந்தே கோவிலுக்குப் போயிருப்போம்.

நாற்பத்தோராவது படியில் உட்கார்ந்துவிட்டாள். மணி பத்தே கால். "முடியலங்க" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கோவில் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து அது தெளிவாகத் தெரிந்தது. மூன்று வருட நேர்ச்சை 93 படிகளுக்குக் கீழே இருந்தது. என் எக்ஸெல்தான் அவளை அங்கே உட்காரவைத்தது.

அப்போது மேலே எங்கோ மணி அடித்தது.

"என்ன சத்தம் அது?"

"ட்ராம். மேலத் தெருவுல போகுது. அந்தச் சத்தம் கேக்கக் கூடாதுன்னுதான் இந்தச் சந்துக்குள்ள..."

"அது எங்க போகுது?"

எனக்குத் தெரியவில்லை. தவிர்க்க வேண்டிய ஒன்று எங்கே போகிறது என்று நான் ஏன் பார்க்கப்போகிறேன்? அச்செடுத்த வரைபடத்தைப் பிரித்தேன். 28 என்று எண்ணிட்ட மெல்லிய கோடு, நாங்கள் இருந்த குன்றின் உச்சியிலிருந்து வளைந்து வளைந்து இறங்கி, கோவில் வாசலைத் தொட்டுக்கொண்டு போனது. மூன்று வாரமாக என் பையில் இருந்த வரைபடம்.

நாற்பத்தோரு படியையும் திரும்ப ஏறினோம். ஏறுவது அவளுக்கு எளிதாகவே இருந்தது. பத்து நாற்பத்தைந்துக்கு மஞ்சள் நிறத்தில், தீப்பெட்டி அளவில் ட்ராம் வந்தது. ஆளுக்கு ஒரு யூரோ முப்பது சென்ட், ஓட்டுநரிடமே கொடுக்கலாம். ஒரு போர்ச்சுகீசிய அம்மாள் காய்கறிப் பையை மடியில் ஏற்றிக்கொண்டு இவளுக்கு இடம் விட்டார். பத்து ஐம்பத்தாறுக்கு இறங்கினோம். கோவில் வாசலுக்குச் சில அடி நடைதான்.

பூசை முழுவதும் அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. வெளியே வந்ததும் தயங்கிக் கேட்டேன்.

"நேர்ச்சை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. கூடவே ஒண்ணு கேட்டிருக்கேன். காணாமப் போனதக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவர்தான அவரு?"

"என்ன காணாமப் போச்சு?"

"உங்க பூகோளம்."

நாற்பதாவது திருமண நாளில் அவள் சிரித்துச் சொன்ன முதல் வாக்கியம் அது.

ஓட்டலுக்குத் திரும்பியதும், வரவேற்பில் இருந்த பெண்ணிடம் அவளே பேசி அறையை மாற்றினாள். ட்ராம் போகும் மேலத் தெருவைப் பார்த்த பின்பக்க அறை, அதே வாடகை. ஜன்னல் கண்ணாடி ட்ராமுக்கு ட்ராம் அதிர்ந்தது. மீதி மூன்று நாளும் மணிச் சத்தம் கேட்டவுடன் "நம்ம வண்டி வந்துட்டு" என்று செருப்பை மாட்டிக்கொள்வாள்.

இதேபோல் போக நினைப்பவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது: தூரத்தை அளக்கும்போது உயரத்தையும் கேளுங்கள். ஓட்டலுக்கு மின்னஞ்சல் அனுப்பி, வழியில் எத்தனை படிகள் என்று வெட்கப்படாமல் எண்ணிக்கை கேளுங்கள். பயிற்சியை மாலில் செய்யாதீர்கள். வீட்டு மாடிப்படி போதும். இரண்டாவது, நான்காவது, ஐந்தாவது குறிப்புகளை இப்படித் திருத்திக்கொண்டால் பயன்படக்கூடும் என்று நம்புகிறேன். உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாவது குறிப்பைத் திருத்த வழியில்லை. அழித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். "இருக்கட்டும், அது நீங்களா எடுத்த முடிவுல்லா" என்று அந்தோணியம்மாள் தடுத்துவிட்டாள். அந்த மூன்றாவது குறிப்பு தவறு.