கதவு, கண்ணாடி, கயிறு

"கதவு?"

"பிடிச்சிருக்கேன்."

"கண்ணாடி?"

"இருக்கு."

"கயிறு?"

"இருக்குப்பா."

மூன்று பதிலும் வந்த பிறகுதான் பெரியப்பா சாவியைத் திருப்புவார். தினமும் காலை எட்டு இருபதுக்கு எங்கள் வாசலில் நடக்கும் வருகைப் பதிவு இது. பின்சீட்டின் இடப்பக்கக் கதவு தானாகத் திறந்துகொள்ளும் என்பதால் பெரியம்மா அதன் கைப்பிடியில் ஒரு பழைய துண்டைக் கட்டி, மறுமுனையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வலப்பக்க ஜன்னல் கண்ணாடி விட்ட இடத்தில் நிற்காது. அதை இரண்டு உள்ளங்கையாலும் மேலே தாங்குவது என் வேலை. முன்சீட்டில் அக்கா, பெரியப்பாவின் ஒரே மகள். டேஷ்போர்டில் ரேடியோவைப் பிடுங்கிய ஓட்டையிலிருந்து ஒரு சணல் கயிறு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக்கின் கேபிள் என்றைக்கோ அறுந்துபோனதால் வந்த கயிறு அது. "இழு" என்றால் அக்கா இழுக்க வேண்டும். "விடு... இன்னும் கொஞ்சம்... போதும்" என்றால் சொன்ன அளவுக்கு விட வேண்டும். அந்தக் காரில் பயணிகள் என்று யாரும் கிடையாது. ஏறினவர் எல்லோரும் உதிரிபாகம்.

காருக்கு என்னைவிட வயது அதிகம். ஒரு காலத்தில் வெண்ணெய் நிறமாம். இப்போது பல் விளக்காதவன் சிரித்த நிறம். பெட்ரோல் டேங்கின் ஒழுகலைத் துவைக்கிற சோப்பு வைத்து அடைத்திருக்கிறார். மாதச் சாமான் பட்டியலில் "சோப்பு 4, வண்டிக்கு 1" என்று பெரியம்மா தனியாகவே எழுதுவார். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். அதனால் பெரியப்பா ஒவ்வொரு தடவையும் ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டுத் துழாவி, சொந்த வீட்டுக்குள் பூந்த திருடன் மாதிரி இறங்குவார். டேஷ்போர்டுப் பெட்டி கரண்டிக் காம்பு போட்டு நெம்பினால்தான் திறக்கும். அதற்கென்று ஒரு கரண்டி காரிலேயே குடியிருக்கிறது. சமையலறையில் கரண்டி குறைந்தால் பெரியம்மா வாசலுக்குத்தான் வருவார்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு அவர் வாயிலிருந்து ரிப்பேர் என்ற சொல்லை யாரும் கேட்டதில்லை. நடுரோட்டில் நின்றுபோனால் "யோசிக்குது" என்பார். முன்னாலிருந்து ஆவி கிளம்பினால் "மூச்சு வாங்குது." மேட்டில் ஏற முடியாமல் பின்னால் உருண்டால் "வேற வழியா போலாங்குது." கடைசியில் ஒரு தீர்ப்பு: "வண்டியில ஒரு குறையும் இல்ல. பழகத் தெரியணும்."

"பழகிப் பழகித்தான் எனக்குத் தோள்பட்டை இறங்கிப் போச்சு" என்று பின்சீட்டிலிருந்து பெரியம்மா சொன்னால், "நீ துண்டை முறைச்சு இழுக்கற. அதோட போக்குல விட்டுப் பிடிக்கணும்" என்று கதவின் சார்பில் வாதாடுவார்.

வேடிக்கை என்னவென்றால், அவர் பிழைப்பே குறை கேட்பதுதான். குடிநீர் அலுவலகத்தில் புகார் மேசை. தண்ணீர் வரவில்லை, வந்தது நிற்கவில்லை, வந்ததில் புழு நெளிகிறது என்று இருபத்திரண்டு வருஷமாக ஜனங்கள் அவர் காதில் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர் குரல் உயர்ந்ததே இல்லை. "சொல்லுங்க. எந்தத் தெரு? எப்பலேர்ந்து?" அந்த "எப்பலேர்ந்து" மட்டும் டாக்டர் நாடி பிடிக்கிற மாதிரி மெதுவாக வரும். எழுதி முடித்துக் கீழே ஒரு கையெழுத்துப் போடுவார் பாருங்கள். முதலில் இரண்டு சுழி, நடுவில் ஓர் ஏற்றம், பிறகு ஓர் இறக்கம், அடிக்கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. அதற்குள் ஒரு பக்கெட் நிரம்பிவிடும், குழாயில் தண்ணீர் வந்தால்.

ஒருநாள் நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்த மேசைக்குப் போன் செய்தேன்.

"சார், வாசலை அடைச்சுக்கிட்டு ஒரு பழைய இரும்புச் சாமான் நிக்குது. கீழ எண்ணெயா ஒழுகுது."

"எப்பலேர்ந்து?"

"நான் பொறந்ததுலேர்ந்து சார்."

"அது குப்பைப் பிரிவுங்க. நம்பர் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?" என்று ஒவ்வோர் எண்ணாக, இரண்டு தடவை சொன்னார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "யாரோ பாவம், சின்ன வயசு. அவங்க வாசல்ல எவனோ பழைய இரும்பைக் கொண்டாந்து போட்டுட்டுப் போயிட்டானாம். என்ன மனுஷங்களோ" என்று வருத்தப்பட்டுக்கொண்டே காரைத் துடைத்தார். இந்த மனிதரைக் கேலி செய்வதில் இருக்கும் சங்கடம் இதுதான். மேலே பட்டால்தானே.

காரில் ஆரோக்கியமாக இருக்கும் ஒரே உறுப்பு ஹாரன். ஸ்டியரிங் நடுவில் ஈ உட்கார்ந்தாலும் அலறும். அதைத்தான் அவர் தொடமாட்டார். "ஹாரன் அடிக்கறது முன்னால போறவரை டேய்னு கூப்பிடற மாதிரி" என்பது கொள்கை. முன்னால் ஒரு கைவண்டி போனால் அதன் பின்னாலேயே, சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி நாங்களும் ஊர்ந்து போவோம்.

இந்த மாதத் தொடக்கத்தில் அக்காவுக்கு ஒரு வேலைக் கடிதம் வந்தது. அவள் எக்ஸ்ரே எடுக்கப் படித்தவள். இங்கே அவளுக்குக் கிடைத்தது ஒரு பல் டாக்டரின் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறை. பல்லைத் தவிர வேறு எலும்பைப் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது. கடிதம் வந்தது பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து. ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரம். கூடவே ஒரு தாள். இரண்டு வருஷத்துக்கு வேலையை விட்டுப் போகமாட்டாள் என்று மாதச் சம்பளக்காரர் ஒருவர் பொறுப்புக் கையெழுத்துப் போட்டு, அந்தத் தாள் பதினைந்தாம் தேதிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். தவறினால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் மாதச் சம்பளக்காரர் பெரியப்பா ஒருவர்தான்.

தாளை வாங்கினார். "படிச்சுப் பார்த்துட்டுப் போடறேன்" என்று டேஷ்போர்டுப் பெட்டியில் வைத்து மூடினார். அந்தப் பெட்டி அக்காவின் முழங்காலுக்கு நேர் எதிரே இருக்கிறது. தினமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி வருவாள்.

"அப்பா, அந்தத் தாள்."

"போடலாம்மா."

"இன்னும் எட்டு நாள்தான் இருக்கு."

"போடலாம். நீ போயிட்டா கயிறை யார் பிடிப்பா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். மறுநாளும் அதையே கேட்டார். மூன்றாம் நாள் அக்கா சிரிக்கவில்லை. பெரியம்மாதான் பொங்கினார். "அவ வாழ்க்கையைப் பத்திப் பேசறா, நீங்க சணலைப் பத்திப் பேசறீங்க. நான் முன்னால வந்து பிடிக்கறேன். கதவு போற இடத்துக்குப் போகட்டும்."

"அவளுது பழகின கை" என்றார் பெரியப்பா, ரோட்டைப் பார்த்து.

ஒரு மனிதனுக்கு மகளை அனுப்ப மனமில்லை என்றால் மனமில்லை என்று சொல்லலாம். கோபப்படலாம், சாப்பிடாமல் படுக்கலாம். உலகத்தில் அப்பாக்கள் அப்படித்தான் செய்கிறார்கள். இரண்டு முழச் சணலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிற அப்பாவை நான் இங்கேதான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியப்பா பேப்பரை முகத்தில் போட்டுத் தூங்கும்போது, நான் ஒரு சைக்கிள் மணியோடு காருக்குள் போனேன். கயிற்றின் உள்முனையில் மணியைக் கட்டிவிட்டால் அக்கா இழுக்கும்போதெல்லாம் அடிக்கும் என்று திட்டம். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, டேஷ்போர்டுக்குக் கீழே தலைகீழாகப் படுத்துப் பார்த்தேன். கயிறு எஞ்சின் வரைக்கும் போகவேண்டும் அல்லவா? ஒரு சாண் தூரத்திலேயே முடிந்துவிட்டது. முனையில் ஒரு சின்ன ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் மறுமுனை சும்மா ஒரு போல்ட்டில். பக்கத்தில் பளபளவென்று சோக்கின் புதுக் கேபிள், ஸ்டியரிங்குக்குக் கீழே பெரியப்பாவின் கைக்கு மட்டும் எட்டுகிற ஒரு குமிழுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மணியைக் கட்டாமல் வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை மெக்கானிக்கிடம் கேட்டேன். அவர் எப்போதும் ஏதாவது ஒரு வண்டியின் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டுதான் பேசுவார்.

"சோக்கா? அது மாத்தி நாலு வருஷமாச்சே தம்பி. உங்க அக்கா காலேஜ் சேர்ந்த சமயம்."

"அப்ப அந்தக் கயிறு?"

"அறுத்துப் போடறேன்னேன். வேணாம்னுட்டாரு. பழைய ஸ்பிரிங் ஒண்ணு கேட்டாரு. கொடுத்தேன். இது ரொம்ப லூஸா இருக்கு, இழுத்தா தெரிஞ்சிடும்னாரு. வேற கொடுத்தேன். அது ரொம்ப முறுக்கு, கை வலிக்கும்னாரு. மூணாவதுதான் சரியா வந்துச்சு. அரை நாள் உட்கார்ந்து அவரே மாட்டினாரு." தலையை வெளியே எடுத்து என்னைப் பார்த்தார். "வேலையே செய்யாத பாகத்துக்கு அளவு பார்த்த ஆளு அவரு ஒருத்தர்தான்."

காலேஜ் சேர்ந்த சமயம் என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது. "எல்லாரும் பஸ்ல வராங்க, நானும் அப்படியே போயிக்கறேம்பா" என்று அக்கா சொன்னாள். அன்றைக்கும் அவர் இதே கேள்வியைத்தான் கேட்டார். கயிறை யார் பிடிப்பா? அவளும் சலித்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். தினம் இருபத்தைந்து நிமிஷம், நாலு வருஷம். இவர் "இழு" என்று சொல்லிவிட்டு, தானே குமிழை இழுத்திருக்கிறார். "விடு, இன்னும் கொஞ்சம், போதும்" என்று சொல்லிவிட்டு, தானே விட்டிருக்கிறார். ஊரார் புகாரை ஒரு புள்ளி குறையாமல் எழுதுகிற உத்தமர் வீட்டில் செய்கிற வேலை.

அன்று திரும்பி வந்ததும், என் ஜன்னலிலும் இப்படி ஏதாவது பாசம் ஒளிந்திருக்குமோ என்று கையை எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி தடாலென்று கதவுக்குள் விழுந்தது. அதை வெளியே எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. ஆக, பாசம் முன்சீட்டுக்கு மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஸ்பிரிங்கைப் போல்ட்டிலிருந்து கழற்றிவிட்டேன். செய்தது நான்தான். புதன்கிழமை காலையில் கூரியரில் போட்டால்தான் தாள் நேரத்துக்குப் போய்ச் சேரும். அந்தக் கயிறு எஞ்சினில் கட்டியே இல்லை என்று அக்காவுக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

புதன்கிழமை எட்டு இருபது. கதவு? பிடிச்சிருக்கேன். கண்ணாடி? இருக்கு. கயிறு? இருக்குப்பா.

"இழு."

அக்கா இழுத்தாள். கயிறு முழுக்க அவள் கையோடு வந்துவிட்டது. முனையில் ஸ்பிரிங் ஊஞ்சலாடியது. அதே நேரம் எஞ்சினும், எந்தக் காலத்திலும் இல்லாத வழக்கமாக, முதல் திருப்பிலேயே கிளம்பி நல்ல பிள்ளையாக உறுமிக்கொண்டு நின்றது.

"அப்பா, இது எதுலயும் கட்டலையே."

"என்னது, அறுந்துடுச்சா?" பெரியம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "அப்ப வண்டி எப்படி ஓடுது?"

பெரியப்பாவின் ஒரு கை இன்னும் ஸ்டியரிங்குக்குக் கீழே குமிழில் இருந்தது. அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். அவர் அதை எடுக்கவில்லை. மறு கையால் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். எனக்கு அவருடைய பின்கழுத்து மட்டும்தான் தெரிந்தது. காது இரண்டும் சிவந்திருந்தன.

"ரிப்பேர்" என்றார்.

"ஓடிட்டிருந்ததை நிறுத்திட்டு ரிப்பேர்ங்கறீங்களே" என்றார் பெரியம்மா.

அக்கா ஸ்பிரிங்கை விரலால் ஒரு தடவை இழுத்து விட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "எப்பலேர்ந்து?"

"நாலு வருஷமா."

அவள் கயிற்றை விரல்களில் சுற்ற ஆரம்பித்தாள். பெரியப்பா கரண்டியை எடுத்து, அவள் பக்கம் சாய்ந்து, பெட்டியை நெம்பினார். பத்து நாளாக உள்ளே கிடந்த தாள் ஓரத்தில் சுருண்டிருந்தது. அதைத் தொடையில் வைத்து நீவினார்.

"பேனா இருக்கா?"

அக்கா கொடுத்தாள். அவர் தாளை ஸ்டியரிங் நடுவில் விரித்து, மணிக்கட்டை அதன்மேல் ஊன்றினார். ஹாரன் அலறியது. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். தெருமுனை வரைக்கும் நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். பெரியம்மா துண்டை விட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். கதவு திறந்துகொண்டது. இரண்டு சுழி, ஏற்றம், இறக்கம், அடிக்கோடு; கோட்டுக்குக் கீழே இரண்டாவது புள்ளியையும் வைத்து முடிக்கும் வரை பெரியப்பா கையை எடுக்கவில்லை.