குன்றக்குடியில் வாங்கிய வெள்ளி உருவங்கள்

உடம்பு முடியாதவரைக் குன்றக்குடி மலைக்கு அழைத்துப் போகலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம். நானும் என் வீட்டுக்காரரும் 1974 தை மாதம் அப்படிப் போனவர்கள்தான்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு மதுரையில் அவருக்குப் பெருங்குடல் கட்டியை அறுத்தெடுத்தார்கள். கல்லீரல் ஓரம் பரவியிருந்ததையும் அப்போதே எடுத்தாயிற்று. பிழைத்து வந்ததற்கு முருகனுக்கு வெள்ளியில் வயிறு வாங்கிப் போட்டோம். பிறகு கல்லீரலில் மறுபடியும் வந்துவிட்டது. டாக்டர் என்னிடம் மட்டும்தான் சொன்னார். அந்த வியாதியின் பெயரை நோயாளி காதில் போடுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. குடல்புண் என்று சொல்லிவைத்தேன்.

காரைக்குடியிலிருந்து பத்துக் கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். டிக்கெட் அறுபது காசு என்று ஞாபகம். ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் என்னைக் கேலி செய்துகொண்டே வந்தார். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை பார்க்க மாட்டோமா என்று இருக்கிறது.

அடிவாரக் கடையில் கண், கை, கால் என்று வெள்ளித் தகட்டு உருவங்கள் பரப்பியிருந்தன.

"கல்லீரலுக்கு இருக்கா?" என்றார் அவர்.

"அதை யாரும் கேட்டதில்லீங்கய்யா," என்றார் கடைக்காரர். "முழு உருவமாப் போட்ருங்க. எல்லாம் அதுல அடங்கிரும்."

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?" என்று வீட்டுக்காரர் பக்கம் திரும்பிக் கேட்டேன்.

"நீ எங்கூடச் சண்டை போடுறத நிப்பாட்டுனியே, அன்னைக்கே."

பிறகு கடைக்காரரிடம், "பொம்பளை உருவமும் ஒண்ணு குடுங்க. நான் இல்லாட்டியும் இவ நல்லா இருக்கணும்ல," என்றார். நடுத்தெருவென்றும் பாராமல் அழுதேன். படியேறும்போது, ஏன் முன்பே சொல்லவில்லை என்று சண்டையும் போட்டேன். அவருக்கு அதில் ஏக சந்தோஷம்.

போகிறவர்கள் வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள். நோயாளியை அவசரப்படுத்தாதீர்கள். முடியாவிட்டால் கீழேயே கும்பிடலாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

ஆவணியில் அவர் போய்விட்டார். எனக்கு இப்போது எழுபத்தெட்டு, மூட்டுவலிகூட இல்லை. இரண்டு உருவத்தையும் ஒரே உண்டியலில் ஒன்றாகத்தானே போட்டோம்? மலையேறும்போதெல்லாம் முருகனிடம் இதைத்தான் கேட்கிறேன்.